பனிக்கால மலையில் வெயில் நாட்கள்: நோயாளிகளும் உடன் செல்வோரும் அறிய வேண்டியவை

பொங்கலை ஒட்டிய விடுமுறையில் நல்லூர், விருத்தாசலம் பகுதிகளிலிருந்து உதகைக்கும் கொடைக்கானலுக்கும் குடும்பத்துடன் செல்வோர் பலர். புறப்படுவதற்கு முன் மாத்திரை வாங்க மருத்துவமனைக்கு வரும்போது அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அங்கே இப்போது நல்ல வெயில் அடிக்கிறதாம், குளிர் விட்டுவிட்டதாம். அப்பாவையும் அழைத்துக்கொண்டு போகலாமா, டாக்டர்?"

அழைத்துச் செல்லலாம். பெரும்பாலான நோயாளிகளுக்கு இப்பயணத்தைத் தடுக்க வேண்டிய தேவை இல்லை. ஆனால், நல்ல வெயில் அடிக்கிறது என்பதை வைத்துக் குளிர் விட்டுவிட்டது என்று முடிவு செய்வது தவறு. பனிக்காலத்தில் மலைமேல் பகல் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ, அந்த இரவு அவ்வளவு கடுமையாக இருக்கும். இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் எந்த நேரத்தில் யாருக்கு ஆபத்து என்பது தானாகவே விளங்கும்.

பகலில் வெயில், இரவில் உறைபனி: ஏன்?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு நீலகிரியின் மேல் வானம் தெளிந்து காற்று வறண்டுவிடும். உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்று மெலிந்திருப்பதால் சூரிய ஒளி தடையின்றி இறங்கித் தரையை விரைவாகச் சூடாக்குகிறது. பகலில் 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் உயர்வது இயல்பே. சூரியன் மறைந்ததும் தரை தான் பெற்ற வெப்பத்தை வானத்தை நோக்கி வெளியிடத் தொடங்கும். மேகம் இருந்தால் அது போர்வை போல நின்று அவ்வெப்பத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். மேகமும் ஈரப்பதமும் இல்லாத இரவில் போர்வை இல்லை. விடியற்காலையில் வெப்பம் சுழியத்தை நெருங்கிவிடும்.

குளிர்ந்த காற்று கனமானது. சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்கும். ஆகவேதான் தலைக்குந்தா, அவலாஞ்சி போன்ற தாழ்வான புல்வெளிப் பகுதிகளில் வெண்மையாக உறைபனி படிந்திருக்கும்போது, அருகிலுள்ள மேட்டில் இருக்கும் வீடுகளில் அந்த அளவுக்குக் குளிர் இருப்பதில்லை. விடுதி தேர்ந்தெடுக்கும்போது இதை நினைவில் கொள்வது நல்லது. ஏரிக்கரை, ஓடைக்கரை, பள்ளத்தாக்கின் அடி ஆகிய இடங்களில் அமைந்த அறைகள் அழகானவை. முதியவருக்கு ஏற்றவை அல்ல. வானிலை அறிவிப்பில் சொல்லப்படும் வெப்பம் தரையிலிருந்து ஏறத்தாழ ஓர் ஆள் மார்பளவு உயரத்தில் அளக்கப்படுவது என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். அங்கே 3 டிகிரி இருக்கும்போதே கீழே புல்லில் உறைபனி படிந்திருக்கக் கூடும்.

மற்றொரு வகைச் சூடான நாட்களும் உண்டு. வங்கக் கடலில் காற்றுச் சுழற்சி ஏற்பட்டு மேகம் வந்து கவியும்போது, மலைமேல் இரவுக் குளிர் திடீரெனக் குறைந்து 9 அல்லது 10 டிகிரியில் நின்றுவிடும். இரண்டு மூன்று நாட்கள் இதமாக இருக்கும். அதை நம்பிச் சென்றால், மேகம் விலகிய மறுநாளே மீண்டும் உறைபனி வந்துவிடும். எனவே அங்கு வசிப்பவர்களிடம் "இன்று பகல் எப்படி?" என்று கேட்பதைவிட "விடியற்காலை எவ்வளவு இருந்தது, இரவு வானம் தெளிவாக இருந்ததா?" என்று கேட்பதே பயன் தரும். உடைகள், மருந்துகள், அறை ஆகிய மூன்றையும் விடியற்காலைக் குளிரை வைத்தே திட்டமிட வேண்டும்.

உயிரைப் பறிப்பது குளிரைவிடக் கரிப்புகையே

இப்பக்கத்தில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

கொடைக்கானலிலும் நீலகிரியிலும் அறைக்குள் அல்லது கூடாரத்துக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் விடியலில் இறந்து கிடந்ததாகச் செய்திகள் வந்துள்ளன. நல்ல உடல்நலத்துடன் இருந்த இளைஞர்களும் இவ்வாறு இறந்துள்ளனர். நடப்பது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். பகல் சூடாக இருந்ததால் கம்பளி உடை குறைவாகக் கொண்டு வந்திருப்பார்கள். இரவில் குளிர் தாங்க முடியாமல், மாலையில் இறைச்சி வாட்டுவதற்குப் பயன்படுத்திய கரி அடுப்பை உள்ளே எடுத்து வைத்து, கதவையும் சன்னலையும் அடைத்துவிடுவார்கள். தணல் அணைந்துவிட்டது போலத் தோன்றும். சாம்பல் பூத்த கரியும் கார்பன் மோனாக்சைடு வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணெரிச்சலும் இல்லை. புகை வந்தால் விழித்துக்கொள்வோம் என்ற நம்பிக்கை இங்கே பயன்படாது.

இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின், கார்பன் மோனாக்சைடை 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் பிடித்துக்கொள்கிறது. இதனால் சிறிதளவு வாயுவே உயிர்வளியின் இடத்தைப் பறித்துவிடும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கால் தளர்ச்சி என்று தொடங்கும். மலைப்பாதையில் வளைந்து வளைந்து வந்த களைப்பு என்று அதை எளிதாகத் தள்ளிவிடுவார்கள். ஒரே அறையில் இருக்கும் இருவருக்கோ மூவருக்கோ ஒரே நேரத்தில் தலைவலி வந்தால், வேறு காரணம் தேடாமல் உடனே அனைவரும் வெளியே வந்துவிட வேண்டும்.

வீட்டில் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்திருப்போர் குறிப்பாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய அந்தச் சிறு கருவி, கார்பன் மோனாக்சைடு சுமந்த இரத்தத்தையும் உயிர்வளி சுமந்த இரத்தத்தையும் வேறுபடுத்திக் காட்டாது. உயிருக்குப் போராடிக்கொண்டிருப்பவருக்கும் அது 97 அல்லது 98 என்று காட்டக்கூடும். அந்த எண்ணை நம்பி மருத்துவமனைக்குச் செல்வதைத் தாமதப்படுத்த வேண்டாம்.

பாதிக்கப்பட்டவரைத் திறந்த வெளிக்குக் கொண்டு வந்து 108-ஐ அழையுங்கள். மீட்கச் செல்பவர் முதலில் கதவு, சன்னல்களைத் திறந்துவிட வேண்டும். அறைக்குள் நின்று தாமதிக்கக் கூடாது. வெறும் காற்றில் இவ்வாயு இரத்தத்திலிருந்து பாதியளவு நீங்கவே நான்கைந்து மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் முகமூடி வழியாக உயர் அளவில் உயிர்வளி கொடுத்தால் அந்த நேரம் ஒன்றரை மணி நேரத்துக்குள் சுருங்கும். எனவே சற்றுத் தெளிந்து எழுந்து உட்கார்ந்துவிட்டவரையும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லத்தான் வேண்டும்.

கரி அடுப்பு, விறகு, மண்ணெண்ணெய் அடுப்பு, காற்றோட்டமில்லாத குளியலறையில் பொருத்திய எரிவாயு வெந்நீர்க் கருவி, இயந்திரத்தை ஓடவிட்டு உள்ளே உறங்கும் வாகனம் ஆகிய அனைத்துக்கும் இது பொருந்தும். குழந்தையைக் குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை போடும் வழக்கமும் மலைமேல் மூடிய அறையில் வேண்டாம். கூடுதல் கம்பளி கேட்டு வாங்குங்கள். மின்சூடேற்றி இருந்தால் படுக்கைத் துணியிலிருந்து தள்ளி வையுங்கள். ஒரே அறையில் சேர்ந்து படுப்பது கரி அடுப்பைவிடப் பாதுகாப்பான வெப்பம்.

நுரையீரல் நோய் உள்ளவர்கள்

எங்கள் பகுதிக்கு இது தனிப்பட்ட கவலை. விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்கூடங்களில் களிமண்ணும் படிகக்கல் பொடியும் கலந்த தூசியில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர்களும், சூளையருகே உழைத்தவர்களும் இருக்கிறார்கள். சிலிக்கா தூசி நுரையீரலில் தழும்பை உண்டாக்கும். தழும்பேறிய நுரையீரல் ஊரில் இருக்கும்போது தன் குறையைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கலாம். உதகையின் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளி அந்த அளவுக்குக் குறையும். நலமுடையோர் இதை உணர்வதில்லை. ஊரில் அமர்ந்திருக்கும்போது ஆக்சிமீட்டர் 92 காட்டும் ஒருவருக்கு அங்கே 88-க்கும் கீழே இறங்கிவிடலாம்.

ஆகவே, ஓய்வில் 92 அல்லது அதற்கும் குறைவாகக் காட்டுபவர்கள், நூறு அடி நடந்தாலே நின்று மூச்சு வாங்குபவர்கள், கடந்த ஆறு வாரங்களில் மூச்சுத்திணறலுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் மலைப்பயணத்தை முடிவு செய்ய வேண்டாம். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம்தான். இத்தகைய சிலருக்கு உதகைக்குப் பதிலாக நான் பரிந்துரைப்பது அதைத்தான்.

குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்யும். விடியற்காலையில் வெளியே செல்ல நேர்ந்தால் வாயையும் மூக்கையும் துணியால் மூடி, மூக்கு வழியாகவே மூச்சு விட வேண்டும். இன்ஹேலரை வாகனத்தில் விட்டுவிடாமல் சட்டையின் உட்பையில் வைத்திருங்கள். குளிர்ந்துபோன இன்ஹேலர் அழுத்தம் குறைந்து, ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் உரிய அளவு மருந்தைத் தராது. விரல் சில்லிட்டிருந்தால் ஆக்சிமீட்டரும் தவறாகக் குறைத்துக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடேற்றியபின் மீண்டும் பாருங்கள்.

இதயம், இரத்த அழுத்தம்

குளிர் பட்டதும் தோலின் இரத்த நாளங்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் உயர்கிறது. இதயத்தின் வேலை கூடுகிறது. கம்பளிக்குள் வெதுவெதுப்பாக இருந்த ஒருவர் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, வெளியே உள்ள கழிவறைக்குச் செல்லும் அந்த இரண்டு நிமிடத்தில் இவை அனைத்தும் ஒருசேர நடக்கின்றன. குளிரில் சிறுநீர் அதிகம் பிரியும் என்பதால் இரவில் இருமுறை மும்முறை எழ வேண்டியும் வரும். அறையோடு சேர்ந்த கழிவறை இருப்பது முதியவருக்கு ஒரு சொகுசு வசதி என்று எண்ண வேண்டாம். அது மருத்துவத் தேவை. எழுந்தவுடன் நிற்காமல், கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் அமர்ந்து, தலையையும் காதையும் மூடிக்கொண்டு பிறகு நடக்கச் சொல்லுங்கள்.

மாரடைப்பு வந்தவர்களும் இதயச் செயலிழப்பு உள்ளவர்களும் மலைமேல் காலை நடைப்பயிற்சியைச் சூரியன் நன்கு ஏறிய பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்று தொட்டபெட்டாவுக்கு இருட்டில் கிளம்புவது அவர்களுக்கானது அன்று.

மலை ஏறும்போது வாந்தி வருமென்று அஞ்சிக் காலை மாத்திரைகளைத் தவிர்ப்பவர்கள் உண்டு. இரத்த அழுத்த மாத்திரையைத் தவிர்த்தவர் மாலையில் குளிருக்குள் இறங்கும்போது பாதுகாப்பின்றி இறங்குகிறார். மாத்திரையை மலையடிவாரத்தை அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்வது நல்ல வழி. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை பெறுவோர், பயண நாட்களுக்கு மேல் நான்கு நாட்களுக்குக் கூடுதலாகக் கையில் வைத்திருங்கள். அவற்றை ஒரே பையில் வைக்காமல் இரண்டாகப் பிரித்து வைப்பது நன்று.

வறண்ட காற்றில் தாகம் தெரியாது. ஆனால் உடல் நீரை இழந்துகொண்டே இருக்கும். சிறுநீர் பிரிக்கும் மாத்திரை உட்கொள்வோருக்கு இதனால் மயக்கம் வரலாம். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக் குடிநீர்ப் புட்டிகளுக்குத் தடை இருப்பதால், வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட வேண்டாம். எவர்சில்வர் புட்டியில் நீர் எடுத்துச் செல்லுங்கள். குடிநீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம். நீரின் அளவைக் குறைத்துக்கொள்ள மருத்துவர் அறிவுறுத்தியுள்ள இதய, சிறுநீரக நோயாளிகள் அதே அளவைத் தொடர வேண்டும்.

நீரிழிவு நோயாளிகள்

இரவு உறைபனி என்றால் இன்சுலினை வாகனத்தில் விட்டுவிடக் கூடாது. சன்னல் விளிம்பிலும் வைக்கக் கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் மீண்டும் உருகித் தெளிவாகத் தோன்றினாலும் அதன் வேலை போய்விட்டது; எறிந்துவிட வேண்டும். அதே வாகனம் பகல் வெயிலில் மூடி நின்றால் உள்ளே வெப்பம் ஏறி இன்சுலின் கெட்டுவிடும். ஒரே நாளில் இரண்டு விதமாகவும் கெடக்கூடிய மருந்து இது. அறைக்குள், படுக்கைக்கு அருகே, துணியில் சுற்றிய பெட்டியில் இருக்கட்டும். குளுக்கோமீட்டர்கள் பெரும்பாலும் 10 முதல் 40 டிகிரி வெப்பத்தில்தான் சரியாக இயங்கும். குளிரில் கருவி பிழை காட்டினால் அது கெட்டுவிட்டது என்று பொருளில்லை. அறை வெப்பத்தில் சிறிது நேரம் வைத்துவிட்டு மீண்டும் சோதியுங்கள்.

நடுங்குபவரைக் கண்டால் குளிர் என்று எண்ணிப் போர்த்திவிடுகிறோம். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர், மேடேறி நடந்த பிறகு நடுங்கினால், அதிலும் வியர்த்தால், முதலில் சர்க்கரையைப் பாருங்கள். கருவி இல்லையென்றால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து கொடுத்துவிடுங்கள்.

இரண்டு மூன்று நாள் சுற்றுலாவில் விரல் உறைந்து அழுகும் அளவுக்கு உதகையில் குளிர் இருப்பதில்லை. நீரிழிவு நோயாளிகளிடம் நாங்கள் காண்பது அதற்கு நேர்மாறானது: தீக்காயம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் நெருப்பருகே கால் நீட்டிக் குளிர்காயும்போதும், வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்து உறங்கும்போதும் தோல் வெந்துபோவது அவருக்குத் தெரியாது. ஊருக்குத் திரும்பி, செருப்பில் ஈரம் பட்டிருப்பதைப் பார்த்த பிறகே புண்ணுடன் வருவார். இவர்களுக்குத் தளர்வான கம்பளிக் காலுறை இரண்டு போதும். இரவு காலுறையைக் கழற்றும்போது உடன் இருப்பவர் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

உடல்வெப்பம் குறைந்துவிட்டால்

பகலில் வெயிலில் நடந்து வியர்த்த சட்டையோடு மாலை நான்கு மணிக்கு மேல் காற்றில் நிற்பதுதான் பெரும்பாலும் தொடக்கம். நனைந்த துணி உடல் வெப்பத்தை மிக விரைவாகக் களவாடும். முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் நடுங்கி வெப்பம் உண்டாக்கும் திறன் குறைவு. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பேச்சு குழறும், நடை தள்ளாடும், கேட்டதற்குப் பொருந்தாத பதில் வரும். நடுக்கம் நின்றுவிட்டால் தேறிவிட்டார் என்று எண்ணாதீர்கள். நிலைமை மோசமாகிவிட்டது என்றே கொள்ளுங்கள். நனைந்த உடையை நீக்கி, உலர்ந்த கம்பளியால் தலை முதல் சுற்றி, விழிப்போடு இருந்தால் இனிப்பிட்ட சூடான பால் அல்லது தேநீர் கொடுத்து 108-ஐ அழையுங்கள். கைகால்களைத் தேய்க்க வேண்டாம். குளிருக்கு மது நல்லது என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. மது தோலின் நாளங்களை விரித்து, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேற்றிவிட்டு, சூடு ஏறியதாக ஓர் உணர்வை மட்டுமே தருகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரி வெப்பமாவது இருக்க வேண்டும் என்கின்றன. நம் மலை விடுதிகளில் பலவற்றில் இரவில் அது இருப்பதில்லை. ஆகவே அறைக்குள்ளும் குல்லாவும் காலுறையும் தேவை.

வேறு சில குறிப்புகள்

உயரம் 1,000 மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிர் சுமார் பத்து விழுக்காடு கூடுகிறது. காற்று சில்லென்று இருப்பதால் தோல் கருகுவது தெரியாது. தொப்பி அவசியம், டாக்ஸிசைக்ளின் போன்று தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும் மருந்துகளை உட்கொள்வோருக்கு முழுக்கைச் சட்டையும் அவசியம். கதிர் அரிவாள் செல் இரத்தசோகை உள்ளவர்களுக்குக் குளிரும் நீரிழப்பும் கடும் வலியைத் தூண்டும்; நீலகிரியின் பழங்குடி மக்களிடையே இந்நோய் அதிகம் காணப்படுவதால் அங்குள்ள மருத்துவர்கள் இதை நன்கு அறிவர். கைக்குழந்தைக்குத் தலையை மூடுவதே முதன்மை. இரவில் தாயின் உடலோடு ஒட்டி இருப்பதைவிடச் சிறந்த சூடேற்றி இல்லை. வட மாநில மலைகளுக்கு இதே காலத்தில் செல்வோருக்கு ஒரு சொல்: அங்கே வெயில் நாட்களில் பிற்பகலில் பனிச்சரிவும், உருகிய நீர் இரவில் மீண்டும் உறைவதால் விடியலில் வழுக்கும் சாலையும் கூடுதல் ஆபத்துகள்.

உதவி தேவைப்படும்போது

உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், கொடைக்கானலில் அரசு மருத்துவமனையும் உள்ளன. விடுதியிலிருந்து அவை எவ்வளவு தொலைவு என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள். மருந்துச் சீட்டையும் கடைசி இசிஜி தாளையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருங்கள். நெஞ்சுவலி, ஒருபக்கம் கைகால் தளர்வது, வாய் கோணுவது, ஓய்விலும் மூச்சுத்திணறல், பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குழறிய பேச்சு ஆகியவற்றுக்கு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அவசரமில்லாத ஐயங்களுக்கு 104-ஐ அழைக்கலாம்.

மலைப்பாதையில் வாகனத்துக்குள் இருக்கும்போது 108-ஐ அழைக்க நேர்ந்தால், "மலையில் இருக்கிறோம்" என்றால் இடம் புரியாது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் சாலையில் அவ்வாறு 14 வளைவுகள் உள்ளன. எந்தச் சாலை, கடைசியாகக் கடந்த வளைவின் எண் என்ன, மேலே ஏறுகிறீர்களா கீழே இறங்குகிறீர்களா என்ற மூன்றையும் சொல்லுங்கள்.